ஒன்றரை மில்லிமீட்டர்

எங்கள் நிலத்தடி ரயில் ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. படியேறி வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்கும் முதல் கேள்வி, "பூமிக்கு அடியில ரயில் விடப் போறவங்க எதுக்குங்க இவ்வளவு உசரத்துல உட்கார்ந்திருக்கீங்க?" என்பதுதான். முதல் இரண்டு வருடம் இதற்குச் சிரித்தோம். பிறகு அது காதில் விழுவதே நின்றுவிட்டது.

பதினாறு வருடமாக ஆபீஸ் நடக்கிறது. இத்தனை வருடத்தில் எங்களில் யாரும் ஒரு பிடி மண்ணைத் தோண்டியதில்லை. ஜன்னலோரத்துத் தொட்டிச் செடிக்கு டைப்பிஸ்ட் அம்மா ஒருமுறை மண் மாற்றினார். "பணி தொடங்கியாச்சு" என்று சொல்லித் தலைமைப் பொறியாளர் அதற்கு ஒரு வாரம் சிரித்தார். மற்றபடி எல்லாம் காகிதத்தில்தான். நகர வரைபடத்தை இருபது தாள்களாகப் பிரித்து, பெரிய சந்தையில் தொடங்கி மருத்துவமனை வரைக்கும் ஒரு கோடு போட்டிருந்தோம். அந்தக் கோட்டில் ஒரு நாள் ரயில் ஓடும். அதைப் போட்டவன் நான். பதவிப் பெயர் டிராஃப்ட்ஸ்மேன். ஆபீஸில் கூப்பிடும் பெயர் 'கோடு'. "கோடு வந்தாச்சா? கோட்டைக் கூப்பிடு" என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கோடு போட்டு முடித்த பிறகு டிராஃப்ட்ஸ்மேனுக்கு என்ன வேலை? மனு பார்க்கிற வேலை. கோட்டுக்கு இந்தப் பக்கம் எட்டு மீட்டர், அந்தப் பக்கம் எட்டு மீட்டர் ரயிலுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. மேலிருந்து பள்ளம் தோண்டி, தண்டவாளம் போட்டு, பிறகு மூடுவதுதான் எங்கள் திட்டம். ஆகவே அந்தப் பதினாறு மீட்டருக்குள் உள்ள வீடுகள் எல்லாம் ஒரு நாள் இடிபட வேண்டியவை. இடிபடப் போகிற வீட்டில் புதுச் சுவர் எழுப்பக் கூடாது, கூரை மாற்றக் கூடாது. வெள்ளையடித்துக்கொள்ளலாம், அந்த மட்டும் கருணை உண்டு. யாராவது சுவர் கட்ட அனுமதி கேட்டு மாநகராட்சிக்கு எழுதினால் மனு எங்களிடம் வரும். நான் வரைபடத்தைப் பிரித்து, ஸ்கேல் வைத்து அளந்து, மனுவின் ஓரத்தில் 'கோட்டுக்குள்' என்றோ 'கோட்டுக்கு வெளியே' என்றோ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'கோட்டுக்குள்' என்று எழுதிவிட்டால் அந்த மனு செத்தது.

அன்று காலை என் மேஜைக்கு வந்த மனு என் அக்காவுடையது. அவளுடைய மூன்றாவது மனு. பின்னறைச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வருகிறது, இடித்துக் கட்ட அனுமதி வேண்டும் என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தாள். முதல் இரண்டு மனுக்களின் ஓரத்திலும் 'கோட்டுக்குள்' என்று எழுதியது நான்தான். வேறு யாரோ இல்லை, கூடப்பிறந்த தம்பி.

அந்த வீடு கோட்டுக்குள் வந்ததற்கும் நானே காரணம். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், அடைமழைக் காலம். நகர வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, அதில் ரயில் கோட்டை இழுப்போம். பதினோராம் தாள் என்னுடையது. பன்னிரண்டாம் தாள் பக்கத்து மேஜைக்காரருடையது. அவர் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார், அவரை இதில் இழுக்க மாட்டேன். டிரேசிங் பேப்பர் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தருகிற விஷயம் இது. மழைக்காலத்தில் இரண்டு தாள்களை ஓரத்தோடு ஓரம் வைத்தால் கோடு சேராது. சேராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. சர்வேயரின் அளவுப் புத்தகத்தை எடுத்து, தெருவில் நட்டிருக்கும் அளவைக் கல்லிலிருந்து கோடு எத்தனை மீட்டர் தள்ளி வர வேண்டும் என்று பார்த்து, இரண்டு தாளையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். இரண்டு நாள் பிடிக்கிற வேலை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வரைபடத்தைக் கமிட்டியின் முன்னால் வைத்தாக வேண்டும். தாள்களைச் சேர்த்துப் பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. என் தாளில் கோடு ஓர் அகலமான தெருவின் நட்டநடுவில் வந்து நிற்க, அடுத்த தாளில் அது ஒன்றரை மில்லிமீட்டர் கிழக்கே தள்ளித் தொடங்கியது. படம் வரைகிறவனுக்குக் கோட்டில் ஒரு முறிவு தெரிந்தால் பொறுக்காது. சாப்பாட்டில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். வளைவு அட்டையை எடுத்தேன். தாளின் ஓரத்துக்கு நான்கு விரல் முன்னாலேயே கோட்டை மெல்லக் கிழக்கே திருப்பி, அடுத்த தாளின் கோட்டோடு ஒட்டவைத்தேன். எது சரி என்று பார்க்கவில்லை. எது அழகு என்று பார்த்தேன். பொய் சொல்லவில்லை, அழகாகத்தான் இருந்தது.

எங்கள் வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் பத்து மீட்டர். நான் ஒட்டவைத்த ஒன்றரை மில்லிமீட்டரில் ரயில், தெருவின் நடுவை விட்டுக் கிளம்பிக் கிழக்கு வரிசை வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் கோடு சில இடங்களில் தெருவுக்கு அடியில் போகும், சில இடங்களில் வீடுகளுக்கு அடியில் போகும். இதுவும் அப்படி ஓர் இடம் என்று நினைத்திருப்பார்கள். கமிட்டித் தலைவர் அந்தத் திருப்பத்தின் மேல் விரலை ஓட்டி, "வண்டி குலுங்காம போகும் போலிருக்கே" என்றார். தலைமைப் பொறியாளர் எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டிக்கொடுத்தார். அடுத்த மாதம் முத்திரை குத்தியதும் எனக்குப் பதவி உயர்வு என்றும் காதில் போட்டுவைத்தார்.

அந்தச் சந்தோஷத்தில் பதினோராம் தாளை ஒரு பிரதி எடுத்து, சட்டம் போட்டு, அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னைத் தன் வீட்டில் வைத்து ஆளாக்கியது அவள்தான். அந்தப் பின்னறையில்தான் படித்தேன். அவளுடைய தையல் மேஜையில், அவள் வேலை முடித்து எழுந்த பிறகு, முதல் கோடு இழுக்கப் பழகினேன்.

அத்தான் டிராம் ஓட்டியவர். நிலத்தடி ரயில் வரப்போகிறது என்று டிராமை நிறுத்தினார்கள்; அவரை டெப்போ வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். தன் வேலையைத் தின்ற ஆபீஸில் நான் போய்ச் சேர்ந்ததற்கு வேறொருவராக இருந்தால் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார். அத்தான் எனக்கு 'பாதாள மச்சான்' என்று பெயர் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

அன்று படத்தை முன்னறைச் சுவரில் மாட்டும் முன்பு கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், இதுல நம்ம வீடு எங்க?"

"இந்த அளவுல வீடெல்லாம் தெரியாது அத்தான். மொத்த வரிசையும் சேர்ந்து ஒரு பட்டையாத்தான் இருக்கும்."

"ஒரு பொட்டாவது வையேன்பா. வர்றவங்களுக்குக் காட்ட வேணாமா?"

சிவப்புப் பென்சிலும் ஸ்கேலும் என் பையிலேயே இருந்தன. தெரு முனையிலிருந்து அந்த வீட்டுக்கு எத்தனை அடி என்பது எனக்கு மனப்பாடம். அளந்து பென்சிலை இறக்கப் போனேன். வீடு இருக்க வேண்டிய இடத்தில் என் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அக்கா பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சிலைக் கொஞ்சம் கிழக்கே நகர்த்தி, கோட்டில் படாமல் ஒரு பொட்டு வைத்தேன்.

"அட, ரயிலு நம்ம வாசலை ஒட்டியே போகுது!" என்று அத்தான் கைதட்டிச் சிரித்தார். "இனிமே உங்கக்கா கடைக்குப் போறதுன்னா ரயில்லதான் போவா பாரு."

முத்திரை குத்த இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதத்தில் ஏதாவது ஒரு நாள் எழுந்துபோய், "சார், தாள் சேர்த்ததுல தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும், பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கும், அதோடு முடிந்திருக்கும். நான் போகவில்லை. தரையில் இறங்கி வேலை தொடங்கும்போது சர்வேயர் எப்படியும் மறுபடி அளப்பார், அப்போது தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதவி உயர்வு வந்தது.

ஆறு மாதம் கழித்து, கோட்டுக்குள் வரும் வீடுகளின் பட்டியல் வந்தது. அந்தத் தெருவில் மட்டும் இருபத்து மூன்று கதவிலக்கங்கள். பதினான்காம் எண் அக்கா வீடு. பட்டியலை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன். போய் என்ன சொன்னேன்? "யோகம்தான்க்கா உனக்கு. ரெண்டே வருஷம். வீட்டை எடுத்துக்கிட்டுப் புது வீடு குடுப்பாங்க" என்று சொன்னேன். அவளும் நம்பினாள். சமையலறைக்குக் காலை வெயில் வருகிற மாதிரி ஜன்னல் வேண்டும், யாரிடமாவது சொல்லிவை என்று வருடக்கணக்காக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் சொல்லிவைத்திருக்கிறேன் என்று வருடக்கணக்காகப் புளுகிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மனுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அங்கே சாப்பிடப் போயிருந்தேன். கல்யாணம் எனக்கு அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்தான். கை கழுவியதும் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். சுவர் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கை நுழைகிற இடைவெளி, அதன் வழியாக வானம் தெரிந்தது. வெளியே இரண்டு மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அத்தானுக்கு முழங்கால் போய்விட்டதால் இரண்டு வருடமாகக் கட்டில் அந்த அறையில்தான். குளியலறை பக்கத்தில் இருப்பது அங்கேதான்.

"நேத்து மறுபடியும் எழுதிப் போட்டிருக்கேன் தம்பி" என்றாள். "உன் மேஜைக்குத்தானே வரும்?"

"ஆமாக்கா."

"புது வீடெல்லாம் வேணாம். எனக்கு இந்தச் சுவரு மட்டும் போதும். அடுத்த மழைக்கு இது நிக்காது. அவரால எழுந்து ஓட முடியாது."

கட்டிலில் படுத்திருந்த அத்தான், "சுவரு விழுந்தா விழட்டும்டி. மச்சானோட ரயிலு நேரா என் கட்டிலுக்கே வந்து ஏத்திக்கிட்டுப் போகும்" என்றார். அவர் மட்டும் சிரித்தார்.

"இந்தத் தடவை பார்த்து எழுது தம்பி" என்றாள் அக்கா. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னாள். "இந்தத் தடவை முடிச்சுடறேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே மனு மேஜைக்கு வந்த அன்றே சர்வேயரிடம் போனேன். ஒல்லியான, எப்போதும் வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிற மனிதர். "அந்தத் தெருவோட அளவுப் புத்தகமா? பதினாலு வருஷத்துக்கு முன்னாடி எழுதினதை இப்பத்தான் ஒருத்தர் கேக்கறீங்க" என்று முணுமுணுத்தபடி தூசி தட்டித் தேடி எடுத்துக்கொடுத்தார். அவர் எழுத்து தெளிவாக இருந்தது. அளவைக் கல்லிலிருந்து ஒன்பது மீட்டர்: தெருவின் நட்டநடு. புத்தகத்தையும் பதினோராம் தாளையும் எடுத்துக்கொண்டு தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனேன். உள்ளே ஒரு நிம்மதி இருந்தது. எப்படியும் இன்றைக்கு முடிந்துவிடும் என்று.

எல்லாவற்றையும் சொன்னேன். மழைக்காலம், வளைவு அட்டை, சிவப்புப் பொட்டு, எதையும் விடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை வருஷமா தெரியும்?"

"பதினாலு வருஷமா சார்."

"பதினாலு வருஷம் கம்முன்னு இருந்துட்டு இன்னைக்கு எதுக்குச் சொல்றீங்க?"

"பதினாலாம் நம்பர் வீடு என் அக்காவுது சார். சுவர் விழுந்துடும். எனக்கு என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன். கோட்டை மட்டும் தெரு நடுவுக்கு மாத்திடுங்க."

"உங்களுக்குத் தண்டனை குடுக்கணும்னா கமிட்டி கூடணும். கமிட்டி கூடியே மூணு வருஷம் ஆச்சு." எழுந்துபோய் அலமாரியிலிருந்து இன்னொரு வரைபடத்தை எடுத்து என் தாளின் மேல் விரித்தார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி குடிநீர் வாரியத்துக்காரங்க வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? உங்க ரயில் எங்க போகுதுன்னு காட்டுங்க, அதுல படாம குழாய் போட்டுக்கறோம்னாங்க. யாரு காட்டினது?"

ஞாபகம் இருந்தது. நான்தான் காட்டினேன். அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. தெருவின் நடுவில், என் கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தில், தடித்த நீலக் கோடு ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"ஆள் குனியாம நடந்து போகலாம், அவ்வளவு பெரிய குழாய். பாதி ஊரு இதுலதான் தண்ணி குடிக்குது. நம்ம படத்தை நம்பி, தெரு காலியா இருக்குன்னு போட்டாங்க. இப்ப ரயிலை நான் எங்க கொண்டுபோய் வைக்கறது, சொல்லுங்க?"

நான் அந்த நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். காகிதத்தில் செய்த தப்பைத் திருத்தலாம் என்று வந்திருந்தேன். அது எப்போதோ காகிதத்தை விட்டு இறங்கி மண்ணுக்குள் போய்விட்டிருந்தது.

"தப்பா போட்ட கோடுதான் இனிமே சரியான கோடு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"ரயிலாவது எப்ப சார் வரும்?"

"என் சர்வீஸ்ல வராது. உங்க சர்வீஸ்லயும் வராது."

"அப்புறம் எதுக்கு சார் அந்தக் கோடு?"

"கோடு இருந்தாத்தானே ஆபீஸ் இருக்கும்?" என்றார். இதையும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார்.

என் மேஜைக்குத் திரும்பி வந்தேன். அக்காவின் மனு அங்கேயே இருந்தது. பேனாவை எடுத்து ஓரத்தில் 'கோட்டுக்கு வெளியே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மற்ற மனுக்களுக்கு நடுவில் செருகி அனுப்பிவிட்டேன். எழுதியது உண்மைதானே? சர்வேயர் புத்தகத்தின்படி அந்த வீடு வெளியேதான் இருந்தது. அன்று மாலை மூன்று மாடியையும் விசிலடித்துக்கொண்டு இறங்கினேன். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அக்காவுக்கு ஒரு நல்லது செய்திருக்கிறேன் என்று நினைத்தேன். கொத்தனார் ஒருவரிடம் நாள்கூடக் கேட்டுவைத்தேன்.

மாநகராட்சி குமாஸ்தா யாரோ ஒருவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். என் குறிப்பைப் பட்டியலோடு ஒத்துப்பார்த்திருக்கிறார். பட்டியலில் பதினான்காம் எண் கோட்டுக்குள் இருந்தது, மனுவில் வெளியே இருந்தது. நேரில் பார்த்து வரும்படி ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள். அவரும் ஒழுங்கானவர். கோட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சுவரைப் பற்றித் தெரியும். முட்டுக்கட்டையை அசைத்துப் பார்த்தார், இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தார், கட்டிலில் கிடந்த அத்தானைப் பார்த்தார். வாசல் கதவில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார். குடியிருக்கத் தகுதியற்ற கட்டடம், பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்.

மனு, பட்டியலோடு பொருந்தவில்லை என்ற குறிப்போடு என்னிடமே திரும்பி வந்தது. கட்டக் கூடாது என்று ஓர் ஆபீஸ் சொன்னது. கட்டாமல் விட்டதால் வெளியே போ என்று இன்னோர் ஆபீஸ் சொன்னது. ரயிலுக்காக எடுத்தால்தான் மாற்று வீடு. விழுந்துவிடும் என்று காலி செய்யவைத்தால் ஒன்றும் கிடையாது. நான் சும்மா இருந்திருந்தால்கூட அந்த முட்டுக்கட்டைகள் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். அவளுக்காக நான் எழுதிய ஒரே உண்மை அவளை வீட்டை விட்டுக் கிளப்பிவிட்டது.

வேறு எங்கே போவார்கள்? என் இரண்டு அறை வீட்டுக்குத்தான். காலி செய்யும் நாள் காலையில் வண்டி வந்தது. அத்தானை முதலில் தூக்கிக்கொண்டுபோய் வண்டியின் முன் இருக்கையில் உட்காரவைத்தோம். டிராமில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, வண்டிக்காரருக்கு வழி சொல்லத் தொடங்கிவிட்டார். பாத்திரங்கள், துணி மூட்டை, தையல் மெஷின் எல்லாம் ஏறின. முன்னறைச் சுவரில் படம் மட்டும் மிச்சம். அக்கா ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"உன் வீட்டுல இதை எங்க மாட்டறது தம்பி? ஜன்னலுக்கு எதிர்ல வேணாம், வெயில் பட்டா வெளுத்துடும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அங்கேயே நின்றபடி சொல்லிவிட்டேன். ஆபீஸில் சொன்னதைவிடக் கொஞ்சமாகத்தான் சொன்னேன். அவளுக்கு மில்லிமீட்டர் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். சிவப்புப் பொட்டின் மேல் அவள் கட்டைவிரல் இருந்தது.

"இந்தப் பொட்டு வெச்சியே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா மாத்தியிருப்பாங்களா?"

"மாத்தியிருப்பாங்க. ஒரு மாசம் இருந்துச்சு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் காலியான அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து சாப்பிட்டியே" என்றாள்.

வெளியே வண்டியிலிருந்து அத்தான், "என்ன அங்க ரெண்டு பேரும் மாநாடு?" என்று கத்தினார்.

"ஒண்ணுமில்ல. படத்தை உடையாம எப்படிக் கட்டறதுன்னு பார்த்துக்கிட்டிருக்கோம்" என்று அவளும் சத்தமாகச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அவர்கிட்ட சொல்லிடாத. உன்னைப் பத்திப் பெருமை பேசித்தான் அவருக்குப் பொழுது போகுது. அதையும் எடுத்துடாத" என்றாள். படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு தானே நடந்துபோய் வண்டியில் ஏறினாள். கதவைப் பூட்டச் சாவியை என்னிடம் கொடுக்கவில்லை. பூட்டாமலே வந்துவிட்டோம்.

அடுத்த மழையில் பின்சுவர் விழுந்தது. கூரையும் கூடவே விழுந்தது. அத்தானுக்குச் சொல்லவில்லை. நான் இன்னும் அதே மூன்றாவது மாடிக்குத்தான் போய்வருகிறேன். இரண்டாவது வழித்தடம் ஒன்றுக்குக் கோடு போடச் சொல்லியிருக்கிறார்கள்.

படம் இப்போது என் வீட்டில், ஜன்னலுக்கு எதிரில் இல்லாத சுவரில் இருக்கிறது. யார் வந்தாலும் அத்தான் கட்டிலிலிருந்தே கையைக் காட்டி, "எங்க மச்சான் போட்டது. அந்தத் திருப்பத்தைப் பாருங்க" என்பார். போன வாரம் எதிர்வீட்டுக்காரர் வந்திருந்தார். வந்தவர் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"இந்தச் சிவப்புப் பொட்டு என்னங்க?"

"அதுதான் எங்க வீடு" என்றார் அத்தான்.

"பொட்டு கோட்டுல படவே இல்லையே. அப்புறம் எதுக்கு உங்களைக் கட்ட விடலை?"

அத்தான் என் பக்கம் திரும்பினார். "அதானே? ஏன் மச்சான்?"

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அளவு ரொம்பச் சின்னது அத்தான். இதுல சரியா தெரியாது" என்றேன்.

அத்தான் தலையாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையில் மறுபடியும் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா வந்து என் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "சாப்பாடு இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டு ஐந்து மாதம் ஆகிறது.